ஸ்பிரிட்டிசத்தில் இயேசு யார்?

பிரேசிலில் போய் ஒரு ஸ்பிரிட்டிஸ்டிடம் (இறந்தவர்களின் ஆவிகளோடு பேச முடியும், ஆன்மா மறுபடி மறுபடி பிறக்கும் என்று நம்பும் ஸ்பிரிட்டிசத்தைப் பின்பற்றுபவரிடம்) "நீங்கள் கிறிஸ்தவரா?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஆமாம், இதில் என்ன சந்தேகம்?" என்றுதான் பதில் வரும். அதே கேள்வியை அந்த ஊர்ப் பங்குத்தந்தையிடமோ பெந்தெகொஸ்தே பாஸ்டரிடமோ கேட்டால், "அவர்களா? கிடையவே கிடையாது" என்பார்கள். இரண்டு பக்கமும் மனதறிந்துதான் சொல்கிறார்கள், யாரும் ஏமாற்றவில்லை. இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் உடனே சொல்லும் காரணம், செத்தவர்களோடு பேசுவது. அது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவரை உண்மையான பிளவு அங்கே இல்லை, சிலுவையில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இது எப்படித் தொடங்கியது என்று பார்த்துவிடலாம். 1804-இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் பிறந்தவர் இப்போலித் லெயோன் தெனிசார் ரிவாய். சுவிட்சர்லாந்தின் இவெர்தோனில் கல்வியாளர் பெஸ்டலோட்சி நடத்திய புகழ்பெற்ற பள்ளியில் படித்தவர். அப்புறம் பாரிஸில் ஆசிரியர், கணக்குக்கும் பிரெஞ்சு இலக்கணத்துக்கும் பாடப்புத்தகம் எழுதியவர். சாமியார் இல்லை, தீர்க்கதரிசி இல்லை, தனக்குத் தரிசனம் கிடைத்தது என்று கிளம்பியவரும் இல்லை. ஐம்பது வயது வரை வாத்தியார், அவ்வளவுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் எழுதியதையெல்லாம் படித்தால் ஒரு மதநூலைவிட நன்றாக வரிசைப்படுத்திய பாடப்புத்தகத்தின் வாசனைதான் அடிக்கும்.

1848-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹைட்ஸ்வில் என்ற சின்ன ஊரில், ஃபாக்ஸ் சகோதரிகள் வீட்டில் சுவரிலிருந்து தட்டும் ஓசை வந்தது, கேள்வி கேட்டால் தட்டல்களால் பதில் கிடைத்தது என்று ஒரு செய்தி பரவியது. (நாற்பது வருஷம் கழித்து, 1888-இல், அதில் ஒருவரான மார்கரெட், கால் விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்த ஓசையை எழுப்பினோம் என்று மேடையேறிச் சொன்னார், அடுத்த வருஷமே அதை மறுத்தும் விட்டார்.) அந்த அலை 1853 வாக்கில் பாரிஸ் வந்து சேர்ந்தபோது, பணக்கார வீட்டு வரவேற்பறைகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அதன் மேல் கை வைத்து, மேசை தானாக அசைகிறதா என்று பார்ப்பது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. 1855-இல் ரிவாயும் போய்ப் பார்த்தார். மற்றவர்கள் வேடிக்கை பார்த்த இடத்தில் அவர் கேள்வித்தாள் தயாரித்தார். மேசை தட்டுவது மெதுவான வேலை என்பதால் ஒரு சிறு கூடையில் பென்சிலைச் செருகி, மீடியமாக, அதாவது ஆவிகளுக்கும் மனிதர்களுக்கும் இடையாளாக, இருப்பவர்கள் அதன் விளிம்பில் விரலை வைக்க, கூடை நகர்ந்து தாளில் எழுதும் முறை அப்போது புழக்கத்தில் இருந்தது. கடவுள் என்றால் என்ன, மரணத்துக்குப் பிறகு ஆன்மா எங்கே போகிறது, ஏன் துன்பம் என்றெல்லாம் கேட்டு, வந்த பதில்களை வேறு மீடியங்களிடமும் கேட்டு ஒப்பிட்டு, ஒத்துப்போனவற்றை மட்டும் தொகுத்தேன் என்கிறார்.

அப்படி வந்ததுதான் 1857 ஏப்ரல் 18-இல் வெளியான 'ஆவிகளின் நூல்'. முதல் பதிப்பில் 501 கேள்விகள், 1860-இல் வந்த விரிவான பதிப்பில் 1019. தன் பாடப்புத்தகங்களோடு குழம்பக் கூடாது என்று ஆலன் கார்டெக் என்ற புனைபெயரில் வெளியிட்டார். முற்பிறவி ஒன்றில் தனக்கு அந்தப் பெயர் இருந்ததாக ஆவி ஒன்று சொன்னதாம். அதன் பிறகு மீடியங்களைப் பற்றி 1861-இல் ஒரு நூல், நற்செய்திக்கு விளக்கமாக 1864-இல் ஒன்று, சொர்க்கம் நரகம் பற்றி 1865-இல், படைப்பும் அற்புதங்களும் பற்றி 1868-இல். இந்த ஐந்தும்தான் இன்றுவரை அவர்களுக்கு அடிப்படை. 1869-இல் கார்டெக் இறந்தார். பாரிஸின் பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் பழைய கெல்ட்டியர் பாணியில் பெரிய பாறைகளை அடுக்கிய அவருடைய கல்லறையில், பிறப்பதும் இறப்பதும் மறுபடி பிறப்பதும் ஓயாமல் முன்னேறுவதும்தான் விதி என்று பொறித்திருக்கிறார்கள். கொள்கை முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

சரி, என்னதான் நம்புகிறார்கள்? கடவுள் ஒருவர். அவரே உயர்ந்த அறிவு, எல்லாவற்றுக்கும் முதல் காரணம். திரித்துவம் கிடையாது. கடவுள் ஆவிகளைப் படைக்கிறார், எல்லா ஆவியும் ஒரே மாதிரி, எளிமையாக, அறியாமையோடு தொடங்குகிறது. பிறந்து, தப்பு செய்து, கற்று, இறந்து, ஆவியுலகில் கொஞ்ச காலம் இருந்து, மறுபடி உடலெடுத்து, படிப்படியாகத் தூய்மையடைகிறது. தேவதூதர் என்று நாம் சொல்வது இந்தப் படிகளையெல்லாம் ஏறி முடித்த ஆவியைத்தான். பிசாசு என்று தனியாக ஒரு படைப்பு இல்லை. இன்னும் கீழ்ப்படியில் நிற்கும், கோபமும் பொறாமையும் தீராத மனித ஆவிகளைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்பது அவர்கள் விளக்கம், அவையும் ஒரு நாள் ஏறிவிடும். ஆகவே நித்திய நரகம் இல்லை. உடலுக்கும் ஆவிக்கும் நடுவே ஒரு மெல்லிய உறை உண்டு, அதற்குப் பெரிஸ்பிரிட் என்று பெயர். நம் பக்கம் சூக்கும சரீரம் என்று சொல்வதற்கு நெருக்கமானது, மீடியத்தோடு ஆவி தொடர்புகொள்வது அதன் வழியாகத்தான். பூமி மட்டும்தான் உயிர் வாழும் இடம் என்றும் அவர்கள் நினைக்கவில்லை. பூமியைவிடக் கீழான உலகங்களும் மேலான உலகங்களும் நிறைய உண்டு, ஆவி அங்கேயும் பிறக்கும்.

மறுபிறவி, வினைப்பயன் என்றதும், "அட, இது நம்ம கதைதானே" என்று தோன்றும். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான், ஆனால் கார்டெக் ஓரிடத்தில் உறுதியாக விலகுகிறார். மனிதனாகிவிட்ட ஆவி திரும்ப மிருகமாகவோ புழுவாகவோ பிறக்காது. படியில் அதே இடத்தில் நிற்கலாம், கீழே இறங்க முடியாது. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று பாடிய மரபில் வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் அவர்களுடைய மொத்தப் பார்வையும் இதில்தான் நிற்கிறது. பிறவி என்பது தப்பிக்க வேண்டிய சுழல் இல்லை, ஏற வேண்டிய வகுப்புகள். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா முன்னேற்றத்தின் மேல் வைத்திருந்த நம்பிக்கை அப்படியே இதற்குள் இருக்கிறது. அந்தக் காலத்தின் கறையும் இருக்கிறது. கறுப்பின மக்களைத் தாழ்வாகப் பேசும் பகுதிகள் கார்டெக்கின் எழுத்தில் உண்டு, பிரேசிலில் இப்போது வரும் பதிப்புகளில் அதற்காகவே விளக்கக் குறிப்பு சேர்க்கிறார்கள். அந்தப் பகுதிகளுக்குச் சப்பைக்கட்டு கட்ட எனக்கு விருப்பமில்லை.

இனி கிறிஸ்தவத்துக்கு வருவோம். 'ஆவிகளின் நூல்' 625-ஆம் கேள்வி, மனிதனுக்கு வழிகாட்டியாகவும் முன்மாதிரியாகவும் கடவுள் கொடுத்த மிகச் சிறந்தவர் யார் என்பது. பதில் மிகச் சுருக்கம்: இயேசு. கார்டெக் இதில் எந்த வளைவு நெளிவும் வைக்கவில்லை. மோசே முதல் வெளிப்பாடு, கிறிஸ்து இரண்டாவது, ஸ்பிரிட்டிசம் மூன்றாவது என்று வரிசைப்படுத்துகிறார். யோவான் நற்செய்தியில் இயேசு அனுப்புவதாக வாக்களித்த தேற்றரவாளன் என்பது ஆள் இல்லை, இந்தப் போதனைதான் என்று சொல்கிறார். திருச்சபை பரிசுத்த ஆவி என்று வணங்குகிற இடத்தில் அவர் ஒரு கொள்கைத் தொகுப்பை வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள், சாதாரண விஷயமில்லை இது. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற பழைய கத்தோலிக்க வாசகத்துக்கு நேரெதிராக, அன்புச் செயலுக்கு வெளியே மீட்பில்லை என்று ஒரு வாசகத்தையும் அவர்தான் வைத்தார். அது இன்று பிரேசிலில் எத்தனையோ ஸ்பிரிட்டிஸ்ட் மையங்களின் சுவரில் எழுதியிருக்கிறது.

அந்த மையங்களில் மாலை நேரத்தில் நடப்பதைப் பார்த்தால் பேய்ப்படத்தில் வருகிற மாதிரி ஒன்றுமே இருக்காது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு ஜெபம். ஒருவர் எழுந்து கார்டெக்கின் நற்செய்தி விளக்கத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்து, மன்னிப்பைப் பற்றியோ பொறுமையைப் பற்றியோ அரை மணி நேரம் பேசுவார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே ஓர் அறைக்குப் போவார்கள். விளக்கு மங்கலாக இருக்கும். உட்கார்ந்தவர் கண்ணை மூடிக்கொள்ள, தொண்டர் ஒருவர் அவர் தலைக்கு மேலே, உடம்பைத் தொடாமல், இரண்டு கைகளையும் நீட்டி மெல்ல நகர்த்துவார். இதற்குப் பாஸ்ஸே என்று பெயர், நல்ல சக்தியைக் கடத்துவது என்று நம்புகிறார்கள். வெளியே வரும்போது சின்ன கப்பில் ஜெபித்த தண்ணீர். அவ்வளவுதான். காணிக்கைத் தட்டு வராது, மீடியம் காசு வாங்கக் கூடாது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற இயேசுவின் வார்த்தையை இந்த விஷயத்தில் கறாராகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஞானஸ்நானம், நற்கருணை, குருத்துவம் எதுவும் இல்லை. ஆவிகளோடு நேரடியாகப் பேசும் கூட்டங்கள் தனியாக, பயிற்சி பெற்றவர்களை வைத்து, பொதுமக்கள் இல்லாமல்தான் பெரும்பாலும் நடக்கும்.

பைபிளை வைத்து இரு தரப்பும் வாதாடுவது சுவையானது. திருச்சபையினர் முதலில் எடுப்பது உபாகமம் 18-ஆம் அதிகாரம்: அஞ்சனம் பார்க்கிறவனும் செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவனும் உங்களுக்குள் இருக்க வேண்டாம். அடுத்து சவுல் ராஜா எந்தோரில் இருந்த பெண்ணிடம் போய் சாமுவேலை எழுப்பச் சொன்ன கதை, அடுத்த நாளே போரில் அவன் கதை முடிந்தது. கார்டெக்கின் பதில்: தடை போடுவதே அது நடக்கக்கூடியது என்பதற்குச் சான்று, மோசே தடுத்தது குறி கேட்டுக் காசாக்கும் வேலையை, கற்றுக்கொள்ளும் நோக்கத்தை இல்லை. "எல்லா ஆவிகளையும் நம்பாமல், அந்த ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்" என்று யோவானே எழுதவில்லையா, பேசவே கூடாதென்றால் சோதிப்பது எப்படி என்றும் கேட்கிறார். இந்த வாதத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. யோவான் பேசுவது உலகத்தில் தோன்றிய கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றி என்பது அதே வசனத்திலேயே இருக்கிறது.

மறுபிறவி விஷயத்தில் ஸ்பிரிட்டிஸ்டுகளின் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. யோவான் ஸ்நானகனைப் பற்றி இயேசு "நீங்கள் ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தால், வருகிறவனாகிய எலியா இவன்தான்" என்கிறார். எலியா பல நூற்றாண்டு முன் வாழ்ந்த தீர்க்கதரிசி, அதனால் மத்தேயு 11-இல் இருக்கும் இந்த வரியை விளக்க இறையியலாளர்கள் படும் பாடு உண்மையான பாடு. எலியாவின் ஆவியும் பலமும் உடையவனாய் வந்தான் என்று லூக்கா சொல்வதைத் துணைக்கு அழைக்கிறார்கள், யோவான் ஸ்நானகனே "நீர் எலியாவா?" என்று கேட்டபோது இல்லை என்றதையும் காட்டுகிறார்கள். நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம் இயேசு "மறுபடியும் பிறவாவிட்டால்" என்றதையும் ஸ்பிரிட்டிஸ்டுகள் உடலெடுத்துப் பிறப்பதாகவே படிக்கிறார்கள், அது எனக்கு நீட்டி முழக்குவதாகத்தான் படுகிறது. எதிர்ப்பக்கத்தில் எபிரெயர் 9:27 பாறை போல நிற்கிறது: "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும், மனுஷருக்கு நியமிக்கப்பட்டிருக்கிறது." கத்தோலிக்க மறைக்கல்வி நூல் மறுபிறவியை மறுக்கும்போது இதைத்தான் எடுத்தாள்கிறது.

ஆனால் வசனத்துக்கு வசனம் அடித்துக்கொண்டிருந்தால் விஷயம் கைநழுவிவிடும். மரபான கிறிஸ்தவத்தில் மனிதன் தன்னால் ஆகாத ஒன்றை இயேசு தனக்காகச் செய்தார் என்று நம்புகிறான். பாவக் கடன் இருக்கிறது, சிலுவையில் அதை அவர் தீர்த்தார், அது கிருபை, சம்பாதிக்க முடியாதது. ஸ்பிரிட்டிசத்தில் யாருடைய கடனையும் யாரும் அடைக்க முடியாது. செய்தவனே மனம் வருந்தி, அனுபவித்து, ஈடு செய்ய வேண்டும். கடவுள் இரக்கமானவர் என்பது, எத்தனை பிறவி வேண்டுமானாலும் அவகாசம் தருகிறார் என்பதில் தெரிகிறது. அப்படியானால் சிலுவை? மிகப் பெரிய தியாகம், அன்பின் உச்சம், நமக்குப் பாடம். ஆனால் அதனால் என் பாவம் போகவில்லை. உயிர்த்தெழுதல்? கார்டெக் 1868 நூலில் எழுதியபடி, இயேசு வாழ்ந்தபோது நம்மைப் போலச் சதையுடல், மரணத்துக்குப் பிறகு சீடர்களுக்குத் தோன்றியது பெரிஸ்பிரிட் உடல். ஆக, இயேசு உடலோடு உயிர்த்தெழுந்ததுதான் செய்தி என்று பவுல் முதல் இன்றைய ஈஸ்டர் வழிபாடு வரை சொல்லிவருவதை அவர்கள் தள்ளிவிடுகிறார்கள். இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு கிடைத்ததே, அந்தக் கள்ளன் எந்தப் படியையும் ஏறவில்லை. அந்த "இன்றைக்கு"தான் கிறிஸ்தவம். அங்கேதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. மலைப்பிரசங்கத்தை எவ்வளவு நேசித்தாலும், இந்த இடத்தில் ஸ்பிரிட்டிசம் வேறு மதம் என்றே நான் நினைக்கிறேன்.

இதைச் சொன்னவுடன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி சீடர்கள், இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்ததா, பெற்றவர்கள் செய்ததா என்று இயேசுவிடம் கேட்டார்கள். பிறக்கும் முன்பே அவன் பாவம் செய்திருக்க முடியும் என்று நினைத்ததால்தானே அப்படிக் கேட்டார்கள் என்பது கார்டெக் தரப்பு. கேள்வியைச் சரியாகப் பிடித்தார்கள், பதிலை விட்டுவிட்டார்கள் என்பேன். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்பதுதானே இயேசுவின் பதில். ஊனத்தோடு பிறந்த குழந்தையின் தாயிடம் போய், முற்பிறவிக் கணக்கு என்று சொல்வது ஆறுதலா, சுமையா? எல்லாத் துன்பமும் தண்டனையில்லை, சில ஆவிகள் சோதனையாகவோ பணியாகவோ தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகின்றன என்று அவர்கள் விளக்குகிறார்கள். ஓரளவு மென்மையாகிறது, முழுதும் தீரவில்லை. அதே சமயம், நித்திய நரகத்தைச் சொல்லி, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையின் தாயைப் பல நூற்றாண்டு அழவிட்ட திருச்சபைக்கு இந்தக் கேள்வியை மட்டும் எழுப்ப என்ன உரிமை என்று ஒரு ஸ்பிரிட்டிஸ்ட் திருப்பிக் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

திருச்சபை சும்மா இருக்கவில்லை. 1861 அக்டோபர் 9 அன்று ஸ்பெயினின் பார்சிலோனாவில், பாரிஸிலிருந்து முறைப்படி சுங்க வரி கட்டி வரவழைத்த ஸ்பிரிட்டிச நூல்களின் 300 பிரதிகள், ஆயர் அந்தோனியோ பலாவின் உத்தரவின்பேரில், குற்றவாளிகளைத் தூக்கிலிடும் மைதானத்தில் எரிக்கப்பட்டன. பிரான்ஸுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டபோது, மற்ற நாட்டு மக்களையும் அவை கெடுக்கக் கூடாது என்று ஆயர் மறுத்துவிட்டார். அடுத்த வருஷம் அந்த ஆயர் இறந்ததும், அவருடைய ஆவி வந்து மன்னிப்புக் கேட்டதாகக் கார்டெக்கின் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. 1864-இல் ரோம் கார்டெக்கின் நூல்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 1917-இல், பார்வையாளராகக்கூட ஆவிக்கூட்டத்தில் உட்காரக் கூடாது என்று ஆணை வந்தது. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது வேறு, அவர்களை அழைப்பது வேறு என்பது கத்தோலிக்க நிலை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, மாலை போட்டு, கல்லறையை ஆசீர்வதிக்கச் சொல்லி நிற்பது முதல் வகை. புராட்டஸ்டண்டுகளுக்கு அந்த முதல் வகையே ஏற்பில்லை என்பதால் ஸ்பிரிட்டிசத்தை இன்னும் கடுமையாக எதிர்க்கிறார்கள்.

பிரான்ஸில் தேய்ந்துபோன இந்த இயக்கம் பிரேசிலில் வேர்விட்டதற்கு அங்கிருந்த கத்தோலிக்கப் பழக்கமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. புனிதர்களிடம் தினமும் பேசிப் பழகிய மக்களுக்கு, இறந்துபோன மகனும் பேசுவான் என்பது பெரிய தாவல் இல்லை. 1884-இல் பிரேசில் ஸ்பிரிட்டிஸ்ட் கூட்டமைப்பு உருவானது. 1890-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் ஸ்பிரிட்டிசத்தைக் குற்றமாக்கியது. அந்த நெருக்கடியில் இயக்கத்தைத் தாங்கியவர்களில் ஒருவர், ஏழைகளின் மருத்துவர் என்று பெயரெடுத்த பெசேரா ஜி மெனேசஸ். அப்புறம் வந்தவர்தான் சீக்கோ ஷவியேர். 1910-இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், பெரிய படிப்பில்லை. 1932-இல், இறந்துபோன பிரேசில், போர்த்துகல் கவிஞர்கள் தன் கை வழியாக எழுதியவை என்று ஒரு கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். 1944-இல், உம்பெர்ட்டோ ஜி கம்ப்போஸ் என்ற எழுத்தாளரின் மனைவி நீதிமன்றம் போனார்: இறந்த என் கணவர் பெயரில் இவர் புத்தகம் வெளியிடுகிறாரே, எழுதியது அவரென்றால் உரிமைத்தொகை எங்கே? செத்தவருக்குப் புதிதாக உரிமை ஏதும் பிறக்காது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

சீக்கோ 400-க்கும் மேல் புத்தகங்கள் எழுதி, வருமானம் முழுவதையும் தானமாகக் கொடுத்துவிட்டு எளிமையாகவே வாழ்ந்தார். உபெராபா நகரத்தில் அவர் வீட்டு வாசலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். இடது கையால் நெற்றியையும் கண்ணையும் மறைத்துக்கொண்டு, வலது கையால் தாளைத் தாளைத் தள்ளி வேகமாக எழுதுவார், "அம்மா, நான் நன்றாக இருக்கிறேன், அழாதே" என்கிற வகையான கடிதங்கள். அவை எங்கிருந்து வந்தன என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களின் துக்கத்துக்குத் திருச்சபைகள் கொடுத்த நேரம் குறைவு என்பதில் சந்தேகமே இல்லை. இயக்கத்தைப் பற்றிக் கடுமையாக எழுதும் கிறிஸ்தவ நூல்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன, எனக்கு அதில் வருத்தம்தான். 2002-இல் அவர் இறந்தார். 2012-இல் ஒரு தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்குமான மாபெரும் பிரேசிலியர் என்று மக்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 38 லட்சம் பேர் தங்களை ஸ்பிரிட்டிஸ்ட் என்று பதிந்திருக்கிறார்கள், மொத்தத்தில் 2 சதவீதம். ஞாயிறு பூசைக்கும் வாரநாளில் மையத்துக்கும் போகிறவர்கள் கத்தோலிக்கர் என்றே பதிவதால், இந்தக் கணக்கு அவர்களைக் காட்டாது.

உள்ளுக்குள்ளேயும் சண்டை உண்டு. இயேசுவுக்கு உண்மையான சதையுடலே இல்லை, எல்லாம் தோற்றம் என்று கார்டெக் காலத்திலேயே போர்தோ வழக்கறிஞர் ருஸ்தேன் எழுதினார். கார்டெக் ஏற்கவில்லை, பிரேசில் கூட்டமைப்பு ஏற்றது, அந்தக் கசப்பு நூறு வருஷத்துக்கும் மேலாக நீடித்தது. 1946-இல் புவெனஸ் அயர்ஸில் தொடங்கிய அமெரிக்கக் கண்டத்து ஸ்பிரிட்டிஸ்ட் கூட்டமைப்போ இன்னும் ஒரு படி போய், ஸ்பிரிட்டிசம் மதமே இல்லை, தத்துவம், அதற்குக் 'கிறிஸ்தவ' என்ற அடைமொழியே வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது. பிரேசில் கூட்டமைப்பினர் இதற்குப் பதிலாக 625-ஆம் கேள்வியைக் காட்டுகிறார்கள். எதிர்த்தரப்பும் அதே கேள்வியைத்தான் காட்டுகிறது: அங்கே வழிகாட்டி என்றும் முன்மாதிரி என்றும்தான் இருக்கிறது, மீட்பர் என்று இல்லையே என்று.